வெள்ளைக்கரு எனக்கு, மஞ்சள்கரு அவளுக்கு

தூத்துக்குடி,
டிசம்பர் முதல் வாரம்.

பாசத்துக்குரிய பெனிஸ்டன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை விஜிலாவின் கணவனாக அடுத்த வாய்தா வரைக்கும் நீடிக்கிற ஜெயசிங் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இவ்விடம் நானும் ஓவனும் சுகம். தங்கள் தங்கையும் சுகம் என்றே நினைக்கிறேன். கடையில் அவள் பக்கமிருந்து இருமல் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினால் அடுத்த நிமிடம் போன் போடுவீர்கள், உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு குழறும். அதனால் கூரியர்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் அன்போடு வாங்கி அனுப்பிய முட்டை உடைக்கிற மெஷின் சரியில்லை. தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளவும்.

ஏன் என்று முறையாகச் சொல்கிறேன். எங்கள் பேக்கரியைப் பிரித்துக் கொடுக்க நீங்கள் வந்திருந்தபோது, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும் போதும், அது மாப்பிள்ளைக்கு. கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் மஞ்சள்கரு, அது தங்கச்சிக்கு. ஓவன் காலையில் அவளுக்கு, மாலையில் எனக்கு. கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு. வக்கீல் ஜோன்ஸே அசந்துபோய், "இத மாதிரி நியாயமா யாரும் பிரிச்சதில்ல அண்ணாச்சி" என்றார். ஆனால் அந்த நியாயத்தில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது. முட்டையை யார் உடைப்பது?

நான் உடைத்தேன் மச்சான். உடைத்துப் பார்த்தேன் என்று சொல்வதே சரி. மக்ரூனுக்கு வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் போச்சு, நாள் முழுக்க அடித்தாலும் ரசம் மாதிரித்தான் கிடக்கும். என் கைக்கு முட்டைகள் எல்லாம் ஏதோ பழிவாங்குகிற மாதிரி நடந்துகொண்டன. ஓடு உள்ளே, மஞ்சள் வெளியே, வெள்ளை என் சட்டையில். அதற்கு மறுநாள் வேலைக்கு நிற்கிற பேச்சிச்செல்வியை உடைக்கச் சொன்னேன். "எனக்கு முட்ட வாடையே ஆகாது அண்ணாச்சி, கேக்கு கட்டத்தான் வந்தேன்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் மக்ரூன் வாங்க வந்த பழைய வாடிக்கைக்காரர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன ஜெயசிங், மனசு சரியில்லையா?" என்று கேட்டார். ருசி சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை, யாரும் கூப்பிடாமல் விஜிலா தடுப்பைச் சுற்றி வந்தாள். எப்போதும் போல ரெண்டு வளையலையும் கழற்றி என் தராசுத் தட்டில் வைத்தாள். முட்டைத் தட்டுகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உடைத்தாள். வாளி விளிம்பில் ஒரு தட்டு, உள்ளங்கையில் மஞ்சள் நிற்கும், விரலிடுக்கில் வெள்ளை இறங்கும். முடித்ததும் வளையலைப் போட்டுக்கொண்டு மஞ்சள்கரு வாளியோடு போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் இப்படித்தான். அவள் உடைப்பாள், நான் அடிப்பேன். பேச்சு இல்லையே தவிர எனக்கு எல்லாம் தெரியும். கோபமாக இருந்தால் ஓடுகளைத் தொட்டியில் வீசுவாள். வீட்டு ஞாபகத்தில் இருந்தால் கோயில் பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பாள். அழுதிருந்தால் முட்டை விளிம்பில் மெதுவாக, ரெண்டு தரம் விழும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் பொழுது விடிந்திருக்கிறது. இது புகார்க் கடிதம், இதெல்லாம் இங்கே தேவையில்லைதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இதைக் கேள்விப்பட்டு ஜோன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "புருசன் பொண்டாட்டியா தெனமும் உக்காந்து முட்ட உடைச்சா, பிரிஞ்சி இருக்காங்கன்னு கோர்ட்ல நான் எந்த வாயால சொல்லுவேன்? கடை முழுசாப் பிரிஞ்சிட்டுன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த வாய்தால தீர்ப்பு வரும்" என்றார். அவர் அதை உங்களிடம் சொல்ல, நீங்கள் மெஷினை லாரியில் ஏற்றிவிட்டீர்கள். ஆக எங்கள் விவாகரத்துக்கும் எங்களுக்கும் நடுவே இப்போது நிற்பது இந்த ஒரு மெஷின்தான்.

லாரி வந்தது. மெஷின் என் பங்கு வாசலில் நுழையவில்லை. அவள் பங்கு வாசல்தான் அகலம். அதன் வழியாக உள்ளே வந்தால் என் பக்கம் திரும்பத் தடுப்பு விடவில்லை. ஆசாரி வன்னியபெருமாளைக் கூப்பிட்டுத் தடுப்பைக் கழற்றினோம். மெஷின் உள்ளே வந்ததும் அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, "திரும்ப மாட்டுறதுக்குத் திங்கக்கிழம வாரேன்" என்று ஆறுமுகநேரிக்குப் போனார். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. நான் நுரை அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் விஜிலா கேக்குக்கு வெண்ணெய் தடவுவது நேராகத் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு நாசரேத், சாத்தான்குளத்திலிருந்தெல்லாம் அவளுக்கு ஆர்டர். அவளுக்கு வேண்டிய மஞ்சளுக்காக உடைக்கப் போய் என் பக்கம் வெள்ளைக்கரு மிஞ்சிக் கிடக்கிறது. முன்பு ஒரு நாள் கடையில் ஆள் நிற்கும்போது, "ஒன் கேக்கு எல்லாம் என் மிச்சத்துல செய்ததுதான" என்று சொன்னேனாம். அதைத்தான் அவள் மனுவில் முதல் காரணமாக எழுதியிருந்தாள். இப்போது அவள் மிச்சத்தில் நான் மக்ரூன் போடுகிறேன். அவள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை மச்சான். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஷின் முதல் நாள் ஓடியது. உண்மையை மறைக்கக் கூடாது, மிக நன்றாகவே ஓடியது. ஒரு மஞ்சள்கூட உடையவில்லை. பேச்சிச்செல்வி கைதட்டினாள். விஜிலா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கழற்றி வைத்த வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். அது எல்லா முட்டையையும் ஒரே மாதிரி தட்டியது. டக், டக், டக். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, யாரை நினைத்தாள் என்று ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு மக்ரூனும் தட்டையாகப் போயிற்று. எனக்கு அவ்வளவு பெரிய கடை போல இருந்தது மச்சான், அந்தச் சின்னக் கடை.

மறுநாள் காலை மெஷின் ஓடவில்லை. பட்டனை அமுக்கினால் சும்மா இருக்கிறது. "நேத்து பேயா ஓடுன மிஷினு இன்னைக்கு என்னத்துக்கு அண்ணாச்சி இப்படி முழிக்கி?" என்று பேச்சிச்செல்வி கேட்டாள். நான் திரும்பிப் பார்க்கிறேன், யாரிடமும் சொல்வதற்கு முன்பே விஜிலா வந்து உட்கார்ந்து வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர் வீடியோ காலில் வந்து, பக்க மூடியைத் திறந்து காட்டுங்கள் என்றார். விஜிலா குறுக்கே வந்து, "மூடியெல்லாம் தொறக்கப்பிடாது, வாரண்டி போயிரும்" என்று போனைக் கட் பண்ணிவிட்டாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பல மாதத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு: "மிஷினு சரியில்ல. அண்ணனுக்கு எழுதிப் போடுங்க." அதனால்தான் எழுதுகிறேன். இது என் தனிப்பட்ட புகார் அல்ல, எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்ட புகார்.

ஆகவே மெஷினை எடுத்துக்கொண்டு, எங்கள் கடையை வேறு ஏதாவது நியாயமான முறையில் பிரித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பண்டிகைக்கு மக்ரூன் அனுப்புகிறேன். இந்தத் தடவை நன்றாக வரும்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் உங்கள் பொறுமையையும் காப்பாராக.

தங்கள் மாப்பிள்ளை,
ஜெயசிங்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டபின் மனசாட்சி உறுத்துகிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை மச்சான். முதல் நாள் சாயங்காலமே பின்பக்கத்தில் இருந்த பியூஸை நான்தான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாவம், உங்கள் காசு, நல்ல மனசோடு செய்தீர்கள் என்று நினைத்து, சற்று முன் போய் பியூஸைத் திரும்ப மாட்டி பட்டனை அமுக்கினேன். மோட்டார் உறுமுகிறது, மெஷின் நகரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெல்ட்டைக் காணோம். நான் பியூஸை மட்டும்தான் எடுத்தேன். பேச்சிச்செல்விக்கு மூடி எந்தப் பக்கம் என்றே தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். தடுப்பு இருந்த இடத்துக்கு அப்பால் விஜிலா தன் கேக் பெட்டிகளை அடுக்கி, ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட்டை இழுத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை. "நாளைக்கு எத்தன தட்டு உடைக்கணும்?" என்று பெட்டியிடம் கேட்டாள்.

இருக்கிற எல்லாத் தட்டையும் என்று சொன்னேன். மெஷினை எடுத்தாலும் சரி, இங்கேயே கிடந்தாலும் சரி. புது பெல்ட் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.