வைத்தியருக்குச் சுகமில்லை

பலகையை மாட்டிய பிறகு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே அற்றுப் போயிற்று.

‘சித்தப்பிரமைக்கு ஆயுர்வேத சிகிச்சை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சிதறால் மலையடிவாரத்தில் மாட்டியிருந்தான் பொன்னுலிங்கம். திருவனந்தபுரத்தில் வைத்தியம் படித்தவன். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கிறது, மனசுக்கு மருந்து கொடுக்க இந்தச் சீமையில் ஆளே இல்லை, எனவே தொழிலென்றால் இதுதான் என்று கனவு கண்டான். அரண்மனை மோட்டார்கார் வாசலில் வந்து நிற்பது வரைக்கும் கனவு போயிருந்தது.

ஊரோ, அந்த வாசலை மிதித்தால் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்தது. சந்தைக்குப் போகிறவர்கள்கூட வயல் வரப்பு வழியே சுற்றிப் போனார்கள்.

அஞ்சுகிராமத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த தாய்மாமன் நாராயணபெருமாள் கெடு வைத்திருந்தார். மனசு சரியில்லை என்று ஒரே ஒரு ஆளாவது கார்த்திகைக்குள் தேடி வரவேண்டும். இல்லாவிட்டால் மகள் தாணம்மாளைத் தரமாட்டார். அவளை நினைத்தால் பொன்னுலிங்கத்துக்குச் சோறு இறங்காது.

பலகையில் ‘சகல நோய்க்கும்’ என்று மாற்றி எழுதினான். சேற்றுப்புண்ணும் மூலமும் வந்து சேர்ந்தன. மனசு வரவில்லை.

சிகிச்சை எத்தனை சுகமென்று ஊர் கண்ணால் பார்க்கட்டும் என்று தானே வாசல் பந்தலில் மல்லாந்தான். உதவியாள் இசக்கி, தொங்கவிட்ட சட்டியிலிருந்து அவன் நெற்றியில் எண்ணெயை நூலாக விழவிட்டான். விழ விழ உலகம் தள்ளிப் போயிற்று. மலைக்காற்றும் பனையோலைச் சத்தமும் ஒன்றாய்க் கலந்தன. மோட்டார்காரிலிருந்து தாணம்மாள் இறங்கி வந்தாள்.

வைத்தியருக்கே கிறுக்கு பிடித்துவிட்டது என்று பேச்சு பரவிற்று. இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கிறுக்கன் வேறு எப்படிச் சொல்வான் என்று ஊர் தலையாட்டிற்று. அலுத்துப்போய், பந்தலைச் சுற்றி ஓலைப்படல் வைத்து மறைத்துவிட்டு மறுபடியும் எண்ணெய்க்கடியில் படுத்துக்கொண்டான்.

சுகமில்லாதவரைப் பார்க்காமல் இருப்பது மரியாதையில்லையே. பழக்குலையும் இளநீருமாக வந்தார்கள். உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். கிறுக்கன் வெளியே சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள் என்று பிறகு மெல்ல வாய் திறந்தார்கள். அடுத்த வீட்டுத் தங்கபாய், மருமகளின் காலடிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றாள். உபதேசியார் ஞானையன், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மீன்குழம்புதான் தெரிகிறது என்று அழுதார். பொன்னுலிங்கத்துக்கு எல்லாமே கனவில் கேட்பதுபோலக் கேட்டது. ‘ம்’ என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில், சம்பந்தத்தை முறிக்கவென்றே மாமா வந்தார். இசக்கியை வெளியே அனுப்பினார். கண்மூடிக் கிடந்த மருமகனைப் பார்த்ததும் கோபம் குரலிலிருந்து இறங்கிவிட்டது.

“உனக்கு ஒண்ணும் வெளங்காதுன்னுதான் சொல்லுதேன் மருமவனே. உன் அத்தை போனதுலேருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. தாணம்மையும் போயிட்டா அந்த வீட்டுல நான் தனியா என்ன செய்வேன்? அதுக்குத்தான் நடக்காத கெடுவா வச்சேன்.”

பிள்ளைபோல் விசும்பினார். பிறகு பெஞ்சிலேயே சரிந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

பொன்னுலிங்கத்துக்கு மனசு உருகிப் போயிற்று. பாவம், தனி மனுஷர். தேடி வர ஒரு மனநோயாளிகூட இல்லாத இந்த வைத்தியசாலையை மூடிவிட்டு, அவருக்குத் துணையாகக் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்துவிடலாம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தான்.

படலுக்கு அப்பால் தங்கபாய் பழச்சீப்போடு நின்றாள். அவளுக்குப் பின்னால் உபதேசியார், அவருக்கும் பின்னால் ஏழெட்டுப் பேர்.

“எனக்குச் சொகமாயிட்டு,” என்றான் பொன்னுலிங்கம். “இனி யாரும் பாக்க வரண்டாம்.”

தங்கபாய் உள்ளே எட்டி, குறட்டை விடும் நாராயணபெருமாளைப் பார்த்தாள். பழச்சீப்பை அவன் கையில் திணித்தாள்.

“உமக்குச் சொகமாவண்டாம் வைத்தியரே. போய்ப் படும், அடுத்தது நான்.”