கட்டைவிரல் சோதனையாளர்

கணினி நிரல் எழுதுகிறவர்கள் கூடும் இணையக் குழு எதை எடுத்துக்கொண்டாலும் அதில் கட்டைவிரல் சோதனையாளர் ஒருவர் இருப்பார். யாரோ புண்ணியவான் எழுதி வைத்ததை மற்றவர்கள் இலவசமாக எடுத்துத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்கிறார்களே, அந்த நிரல் நூலகத்தின் புதிய பதிப்பு முதலில் வெள்ளோட்டத்துக்கு வரும். அவரவர் ஓட்டிப் பார்த்துக் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். நம்மவர் முதல் ஆளாக வந்து, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவார். ஓட்டிப் பார்த்தாரா? அதென்ன கேள்வி?

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பதிப்பைத் தரவிறக்குவார், சென்ற முறை இறக்கிப் பிரிக்காமல் விட்டதற்குப் பக்கத்தில் அதையும் அடுக்கி வைப்பார், அறிவிப்பில் காற்புள்ளி ஒன்று குறைவதைச் சுட்டிக்காட்டுவார், முகப்பில் நீலம் கொஞ்சம் தூக்கல் என்பார், அடுத்த பதிப்பு எப்போது என்றும் விசாரிப்பார். சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாக ஓட்ட வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் சாப்பிடப் போவார். இத்தனை பேர் பார்க்கும்போது நாம் ஒருவர் பார்க்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்ற ஞானம் கை கழுவும்போது வரும்.

அவர் மனைவி பல் மருத்துவர். கிளினிக்கில் நோயாளிகளுக்கு நாள் குறிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தவர் இவர்தான். இனி அந்தத் தலைவலி உனக்கில்லை என்று மார்தட்டி, வரவேற்பு மேசைக்கு மேல் தொங்கிய நாட்காட்டியையும் கழற்ற வைத்தார். அந்த நிரல், தேதிகளைக் கணக்கிடும் நூலகம் ஒன்றை நம்பி ஓடியது. அதைப் பராமரிக்கும் அம்மையார், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் இதற்கு உழைப்பவர். இந்த முறை வெள்ளோட்டத்தின்போது நம்மவருக்குத் தனியாகவே எழுதினார்.

"மாசக் கடைசி நாள் கணக்கை மாத்தியிருக்கேன் சார். அதை நிஜமா பயன்படுத்துறது நீங்க ஒருத்தர்தான். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க."

நம்மவர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சியில் இரண்டு கட்டைவிரல் போட்டார்.

பதிப்பு அரங்கேறியது. புதியது எது வந்தாலும் கிளினிக் நிரல் தானாகவே அதை ஏற்றுக்கொள்ளும்படி அவர் செய்து வைத்திருந்தார். மாதக் கடைசி நாளன்று ஒரு நோயாளிகூட வரவில்லை. மருத்துவர் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, ஊரில் எல்லோருக்கும் பல் நன்றாகிவிட்டது போலும் என்று வீடு திரும்பினார். கடைசி நாளுக்குரியவர்களுக்கும் நிரல் அதற்கடுத்த தேதியையே குறித்துக் கொடுத்திருந்ததால், மறுநாள் இரண்டு நாள் கூட்டமும் சேர்ந்து வந்து, வீங்கிய கன்னமும் கைக்குட்டையுமாகப் படிக்கட்டு வரை நின்றது. ஒரே நேரத்துக்கு அழைக்கப்பட்ட இருவர் நாற்காலியின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மருத்துவர் கணவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"இதை ஓட்டிப் பாத்தீங்களா இல்லையா?"

ஊர் உலகமே பார்த்தது என்றார் நம்மவர்.

"ஊர் உலகத்தை நான் கேக்கல. உங்களைக் கேட்டேன்."

அன்றே நாட்காட்டி பழைய ஆணிக்குத் திரும்பியது. அதுதான் நம்மவருக்கு உறைத்தது. இதை ஒருவர்கூடவா சோதிக்கவில்லை என்று குழுவில் போய்ப் பொரிந்து தள்ளினார். மற்றவர்கள் எல்லோரும் அவருடைய விரலைப் பார்த்துத்தானே தங்கள் விரலைப் போட்டிருந்தார்கள்?

அம்மையார் மட்டும் பதில் எழுதினார். "உங்க ரெண்டு விரலை நம்பித்தான் சார் வெளியிட்டேன். சரி பண்ணிட்டேன். இதையாவது பாருங்க."

நம்மவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த முறை ஓட்டாமல் விடுவதில்லை என்று உறுதி பூண்டு பதிப்பை இறக்கினார். இவ்வளவு சிரமப்பட்டவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று, ஓட்டுவதற்கு முன்பே ஒரு கட்டைவிரலையும் போட்டு வைத்தார். நாட்காட்டி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

நீங்கள் அந்த ரகமில்லை என்பது எனக்குத் தெரியும். இதை வரி விடாமல் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நடுவில் நாலு பத்தியைத் தாண்டிக் குதித்து, 'அருமை, அவசியம் படியுங்கள்' என்று நண்பர்களுக்கு அனுப்பப் போகிறவர் வேறு யாரோ. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். அந்த அம்மையார் பார்க்கச் சொன்னது எந்த நாளின் கணக்கை? விரலைக் கீழே இறக்கிவிட்டுச் சொல்லுங்கள்.