சிமிட்டி அண்ணையின் சில்லு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தன் கண்ணை நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சிமிட்டி அண்ணை. வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்; பாதி வழியில் சைக்கிளைத் திருப்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கடைக்காரர் சீனி என்று கொடுத்தால் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவார்.

"பழகின கண் பொய் சொல்லும், பிள்ளை. இருக்கவேண்டியதைத்தான் பாக்கும், இருக்கிறதைப் பாக்காது" என்பார்.

இரண்டு பொருள்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடித் திறப்பார். ஒருநாள் பலாலி வீதியில் இரண்டு பெயர்ப்பலகைகளை அப்படி ஒப்பிட்டுக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு ரீச்சரம்மா வந்துவிட்டார். ரீச்சரம்மாவின் செருப்பு அண்ணையின் தோளில் விழுந்தது. பெயர் ஊர் முழுக்க விழுந்தது.

போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ கேட்ட காலம். ஆவேசத்தில் வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துபோகும். எரியாமல் காக்க ஒரு சின்ன போர்ட் வேண்டும். அதைத்தான் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த கடையொன்றில் நான், செல்வி, சிமிட்டி அண்ணை மூவரும் செய்தோம். பழைய றேடியோக்களில் கழற்றிய சாமான்களை, சிரட்டைக்கரியில் காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்து ஒட்டுவது வேலை.

திடீரென்று போர்ட்டுகள் வெடித்துத் திரும்பி வரத் தொடங்கின. ஒருவர் கடை வாசலிலேயே நின்று கத்தினார்: "செய்தி தொடங்கேக்கை டப்பெண்டு வெடிச்சது! குண்டெண்டு நினைச்சு வீட்டுக்காரர் எல்லாரும் பங்கருக்குள்ளை இறங்கிட்டினம்!"

முதலாளி போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார்; யார் செய்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. பிறகு செல்வியின் தடித்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். "பிள்ளை, உனக்குக் கண் தெரியேல்லை. திங்கக்கிழமை தொடக்கம் வரவேண்டாம்."

செல்வியின் வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது நனைந்தது.

"பொறுங்கோ முதலாளி," என்றார் சிமிட்டி அண்ணை. "மனிசர் பாத்துச் சொல்லக்கூடாது. மெசின் சொல்லட்டும்."

"எந்த மெசின்?"

"இனித்தான் செய்யவேணும்."

உடைந்த அலுமாரிக் கண்ணாடி, சவர்க்காரப் பெட்டி மட்டை, ரயர் இல்லாத ஒரு சைக்கிள் சில்லு, அதைச் சுற்ற ஒரு பெடல். இவ்வளவும்தான் மெசின். பெட்டியில் ஓர் ஓட்டை. அதில் கண்ணை வைத்தால், கண்ணாடிகளின் உதவியால், மாதிரிப் போர்ட்டும் சோதிக்கவேண்டிய போர்ட்டும் ஒரே இடத்தில் தெரியும். பாதி மட்டையால் மூடிய சில்லைச் சுற்றினால் வெளிச்சம் ஒரு தடவை இதில் விழும், மறு தடவை அதில் விழும். இரண்டும் ஒன்றென்றால் படம் அசையாமல் நிற்கும். எங்கே வித்தியாசமோ அந்த இடம் மட்டும் மினுங்கும். பெடலைச் சுற்றினால் போதும், பிழை தானாகவே கண் சிமிட்டிக் கூப்பிடும்.

"வெளிநாட்டிலை உதுக்குக் கமராவும் கொம்பியூட்டரும் வைச்சிருக்கிறாங்களாம்," என்றார் அண்ணை. "எங்களிட்டைச் சில்லு இருக்கு."

முதலில் செல்வி செய்த போர்ட். முதலாளி ஓட்டையில் கண்ணை வைத்தார். "மினுங்குது! இந்த உருளைச் சாமான்ரை கோடு அங்கையும் இங்கையும் பாயுது. நான் சொன்னனானெல்லே!"

செல்வி கைப்பையை எடுத்துவிட்டாள்.

"மற்றப் பிள்ளையின்ரையையும் வையுங்கோ," என்றார் முதலாளி.

என்னுடையதும் அதே இடத்தில் மினுங்கியது.

"அப்ப ரெண்டு பேரும்!" என்றார் முதலாளி.

கடைசியாக அண்ணை தான் செய்ததை வைத்தார். படம் கல்லுப்போல நின்றது. முதலாளி அவர் முதுகில் தட்டினார். அண்ணையோ பெடலை விட்டுவிட்டார். மாதிரிப் போர்ட்டைக் கழற்றி, எந்தச் சாமான் எப்படி இருக்கவேண்டும் என்று வரைந்து சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இடக்கண், வலக்கண். மறுபடி இடக்கண், வலக்கண். வெடித்து வந்த போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

மாதிரிப் போர்ட்டும் அவர் கையால் செய்ததுதான். அதற்கு யாரும் கரண்ட் கொடுத்துப் பார்த்ததில்லை. அதிலும், அவர் செய்த மற்றப் போர்ட்டுகளிலும், வெடித்து வந்த எல்லாவற்றிலும் அந்த உருளை ஒரே மாதிரித் தலைகீழாக இருந்தது. கோடு மாறிக் கரண்ட் போனால் அது வெடிக்கும். செல்வி ஒட்டியதும் நான் ஒட்டியதும்தான் சரி.

"முதலாளி! ஆள் பிடிபட்டிட்டார்!" என்று துள்ளினார் சிமிட்டி அண்ணை.

"ஆர்?"

"நான்தான்! என்ரை மெசின் என்னையே பிடிச்சிட்டுது! எப்பிடி வேலை செய்யுது பாத்தியளே?"

தன் பிழைக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட முகத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை. முதலாளிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்ப திங்கக்கிழமை நீர் வரவேண்டாம்" என்றார், குரலில் பலமில்லாமல்.

"அண்ணை வராட்டி நானும் வரமாட்டன்," என்றாள் செல்வி. கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது.

திங்கட்கிழமை மூவருமே போனோம். அண்ணை வாசலில் நின்று செல்வியிடம், "பிள்ளை, நான் உன்னைச் சந்தேகப்படேல்லை. உன்ரை கண்ணாடியையும் சந்தேகப்படேல்லை" என்றார். "தெரியும் அண்ணை" என்றாள் அவள். அன்று முழுக்க அவர் மெசினைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. செல்விதான் இடியப்பத்தைக் குழைத்து அவர் கையில் வைத்தாள்.

தொண்ணூற்றைந்தில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டு மழையில் நடந்தபோது, கொடிகாமத்தில் சனத்துக்குள் அவரைக் கண்டேன். கை காட்டினேன், அவரும் காட்டினார். பிறகு காணவில்லை. வன்னிக்குப் போனார் என்கிறார்கள், கனடாவில் என்கிறார்கள். எங்கே இருந்தாலும், "அண்ணை, சாப்பிட்டாச்சே?" என்று கேட்க அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும்.