லால்பாகில் அவரைக்காய்ப் பை

‘ஜனவரி 24. இன்று ஒரு சின்னத் தவறு நடந்தது. அடையாளத்துக்கு அவரைக்காய்ப் பை என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.’

நாட்குறிப்பில் இப்படி எழுதிய சுதீந்திரா, ‘சின்ன’ என்பதை அடித்தான்.

அக்கா வசுமதியைப் பெண் பார்க்க வருபவர்கள் லால்பாக் பூங்காவில் கண்ணாடி மாளிகை முன்னால் நிற்பார்கள். இரு தரப்பார் கையிலும் அவரைக்காய்ப் பைதான் அடையாளம். தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்க வேண்டும். பெயர், ஊர் கேட்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், தெருவே பேசியாகிவிட்டது. மூன்றாவதும் போனால் அப்பா தாங்கமாட்டார்.

ஜனவரி அவரைப் பருவத்தில் பெங்களூரில் அவரைக்காய்ப் பை இல்லாத கை ஏது? அதுவும் பூக்காட்சிக் கூட்டத்தில்.

அக்காவோடு போய், முதலில் பையோடு நின்ற குடும்பத்திடம் மணி கேட்டான். மணி சொன்னார்கள். அடுத்த குடும்பம், கொஞ்சம் பிடியுங்கள் என்று தங்கள் பையையும் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனது. தன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். இரண்டு பெண்கள் வந்து கிலோ என்ன விலை என்றார்கள்.

கடைசியில், மாளிகைக்கு எதிரே புல்வெளியில் ஓர் அம்மாவும் மகனும். பக்கத்தில் பை.

“சும்மா பூ பாக்க வந்தோம் தம்பி,” என்றார் அந்த அம்மா.

என்ன நேர்த்தியான நடிப்பு என்று சுதீந்திரா வியந்தான். “நாங்களும் அதுக்குத்தாம்மா,” என்று கண்ணைச் சிமிட்டினான். அந்த அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

பேச்சு ஓடவில்லை. எதையாவது செய்யவேண்டுமே என்று பையைக் கவிழ்த்தான். நால்வரும் காயிலிருந்து பருப்பை உரித்தார்கள். காவலர் விசில் ஊதி, புல்லில் தோல் போடக் கூடாது என்று விரட்டினார். ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கிருந்தும் விரட்ட, பாறை மேல் ஏறினார்கள். அதற்குள் அக்காவும் அந்த மகனும் யார் வேகமாக உரிக்கிறார்கள் என்று பந்தயத்தில் இறங்கியிருந்தார்கள். அந்த அம்மா மகனோடு கிளம்பும்போது, நாளைக்கு பசவனகுடி வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி வழியும் சொன்னார்.

முடிந்தது என்று சுதீந்திரா மூச்சுவிட்டான். கைபேசி அடித்தது.

“கண்ணாடி மாளிகை முன்னால மூணு மணி நேரமா நிக்கறோம்,” என்றது ஒரு கனத்த குரல். “பையும் கையுமா. பொண்ணு வருதா, இல்லையா?”

அவன் கைபேசியைப் பொத்திக்கொண்டான். “அக்கா, இவங்க அவங்க இல்லை.”

வசுமதி மடியிலிருந்த தோலைத் தட்டினாள். “தெரியும்டா. அப்பா பீரோவுல அந்தப் பையன் போட்டோ பாத்துட்டேன். உன் ஆளுங்க பத்தரைக்கே நம்மளைத் தாண்டித்தான் போனாங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“அப்பதான்டா இவர் உரிக்கவே ஆரம்பிச்சார்.”

‘நாளைய வேலை: பசவனகுடி போய் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டும்.’