பர்னர் அண்ணனும் ஒரு சிலிண்டரின் கடைசி ஆட்டமும்

இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான், கேஸ் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, கை கூப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதுவும் பெண்ணைப் பெற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

காரணம் பர்னர் அண்ணன். அணையப் போகும் தீக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் பெங்களூரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொண்ணூறுகளில் மர்பி டவுனில் நாங்கள் நால்வர் சேர்ந்து குடியிருந்த வீட்டில் அவர்தான் மூத்தவர். குடும்பம் ஆம்பூரில். வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ஆனால் சிலிண்டர் தீரப்போகிறது என்றால் ஆபீசுக்கு லீவு போட்டுவிடுவார்.

"நல்லா எரியற தீ ஆபீஸ் போறவன் மாதிரி தம்பி, அடுத்தது என்ன பண்ணும்னு தெரியும். அணையப் போற தீ வேலைய விட்டவன் மாதிரி. என்ன பண்ணும்னு அதுக்கே தெரியாது!"

ஒரு முறை எங்களில் ஒருவனோடு சர்ச்சுக்குப் போனார். பூசை முடிந்து, சர்ச் பணியாளர் மெழுகுவர்த்தியை அணைக்க வந்தார். அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்வல்ப, கொஞ்சம் இருப்பா, இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கி இருக்கு!" அதோடு அந்தச் சர்ச் பக்கம் எங்கள் யாராலும் முகம் காட்ட முடியவில்லை.

இப்படியிருக்க, என்னைப் பார்க்க ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால்தான் பெண் பார்க்கவே போக முடியும். காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். தீ மஞ்சளாகி, எம்பி, படுத்தது. மாற்று சிலிண்டர் கிடையாது. பதிவு செய்தது எப்போது வரும் என்று ஏஜென்சிக்கே தெரியாது.

"ஃபேன நிறுத்து! ஜன்னல சாத்து! எவனும் மூச்சு விடாத!" என்றார் அண்ணன். நால்வரும் அடுப்பைச் சுற்றி மண்டியிட்டோம். நான் கை கூப்பியது தனிப்பட்ட முறையில்.

அப்போதுதான் வாசலில் தலைமையாசிரியர்.

"ஏதாவது பூஜையா?"

அண்ணன் திரும்பக்கூட இல்லை. "சார், கதவ சாத்திட்டு வாங்க. காத்து அடிக்குது."

சாத்திவிட்டு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு அவரும் குந்தினார். தீ மறைந்தது.

"போயிடுச்சா?"

"இல்ல சார். நடிக்குது. இப்ப இடது பக்கம் வரும் பாருங்க."

வலது பக்கம் வந்தது.

"பாத்தீங்களா, சொன்ன பேச்சே கேக்காது!" என்றார் அண்ணன், சொந்த மகனைச் சொல்வதுபோலப் பெருமையாக.

நீலமாய் ஒரே ஒரு பல் மிஞ்சியது. துடித்தது, பர்னரை ஒரு சுற்றுச் சுற்றியது, 'பொக்'.

"ச்சே!" என்றார் தலைமையாசிரியர். கண்ணில் உண்மையான துக்கம்.

வெதுவெதுப்பான காபியை மறுப்பில்லாமல் குடித்தார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் ராத்திரியெல்லாம் உருப்போட்ட பதில்கள் அப்படியே நின்றன. பேச்செல்லாம் அண்ணனோடுதான். இருந்தும் கல்யாணம் நடந்தது. மணமேடையை விட்டு நாங்கள் இறங்கிய பிறகும், ஹோமத்தீ தணியும்வரை அண்ணன் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இன்றும் வீட்டில் சிலிண்டர் தீரும்போது நான் உடனே மாற்றுவதில்லை. பக்கத்தில் ஒருவர் குந்த இடம் விட்டு, அந்தக் கடைசிப் பல் விழும்வரை நிற்கிறேன். எப்போதாவது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: "நடிக்குது."

போன முறை அப்படி நின்றபோது, மனைவி வந்து சிலிண்டர் வால்வை மூடினாள்.

"அன்னிக்கு அப்பா எங்க வீட்டுக்குத் திரும்பினதும் மொதல்ல என்ன விசாரிச்சாரு தெரியுமா? 'அந்த அடுப்புக்காரருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு. ஆயிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் உங்க பேச்சே வந்துது."