பர்மிஷன் அண்ணனின் சம்மதம்

கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டிலிருந்து கோபாலபுரம் வரை எத்தனை செல்போன் இருக்கிறதோ, அத்தனை போன்காரர்களிலும் 'நான் சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானை, மேலே எழுதியிருப்பதை முழுதாகப் படித்துவிட்டு அழுத்திய ஒரே மனிதர் எங்கள் பர்மிஷன் அண்ணன்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னவன் நான்.

வடகரப்பதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடிப்போனவரிடம் அவர் முதலில் கேட்பது மோட்டாரோடு வந்த புத்தகத்தை. அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். "படிக்காம சுச்சப் போட்டா எரியாம என்னுங்க பண்ணும்?" என்பார். உலகத்தில் எரிந்துபோன சகலமும் படிக்காமல் சுவிட்சைப் போட்டதால் எரிந்தவை என்பது அவருடைய சித்தாந்தம்.

இப்படிப்பட்டவர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சனிக்கிழமை ஸ்மார்ட்போன் வாங்கினார். அடுத்த வியாழன் மாலை வரை அதன் முதல் திரையைத் தாண்டவில்லை. நான் எங்கள் ஊர் வாயனசாலையில் நூலகர். தினமும் ஐந்து மணிக்குப் போனோடு வந்துவிடுவார். நிபந்தனைகள் தமிழிலும் இருந்தன. அந்தத் தமிழ் எனக்கே புரியாததால் ஆங்கிலத்தில் படித்து, பேச்சுத் தமிழில் சொன்னேன். மூன்றாம் தரப்பு என்ற இடத்தில் ஒரு மாலை முழுக்க நின்றுபோனோம்.

"நானு ஒரு ஆளு, கம்பெனி ஒரு ஆளு. இந்த மூணாமத்தவன் ஆருங்க?"

விளம்பரம் கொடுப்பவர்களாக இருக்கும் என்றேன்.

"அவிங்கள நானு கண்ணுல பாத்ததே இல்லீங்களே. நான் எங்க போறன் வாறன்னு அவிங்களுக்கு எதுக்குங்க?"

அந்த மூன்றாமவர் எங்கள் ஊரிலேயே கடை வைத்திருப்பதுபோல என்னை அன்று மாலை முழுக்கக் குறுக்கு விசாரணை செய்தார். வியாழன் மாலை ஆறு பத்துக்குப் பொத்தானை அழுத்தினார். அழுத்தும்போது, "வேற வழியில்லாம சம்மதிக்கறனுங்க" என்று வாய்விட்டும் சொன்னார். அதற்கு நான்தான் சாட்சியாம். என் டைரியில் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவரோடு வெளியே போவது பெரும்பாடாகிவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் அம்மையார் வழக்கம்போல் போன் நம்பர் கேட்டார். வேட்டிக்கு எதற்கு நம்பர் என்றார் இவர். நம்பர் இல்லாமல் பில் வராது என்றார் அம்மையார். அப்படியானால் உங்கள் நம்பரையும் முதலாளி நம்பரையும் எழுதிக் கொடுங்கள், வேட்டி கிழிந்தால் கூப்பிடுகிறேன் என்றார் இவர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் வேட்டிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். கடைசியில் பத்துப் பூஜ்யத்தைப் போட்டு அம்மையார் பில் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டதாம். பொள்ளாச்சியிலிருந்து ஊர் வரும்வரை அந்தப் பூஜ்யங்களைப் பற்றியே பேசினார்.

வாயனசாலையில் செய்தித்தாளின் நடுப்பக்கம் அடிக்கடி காணாமல் போகவே, கமிட்டியில் முடிவுசெய்து ஹாலில் கேமரா வைத்தோம். மறுநாள் பர்மிஷன் அண்ணன் வந்தார், அண்ணாந்து பார்த்தார், நாற்காலியைத் தூக்கிப்போய் கேமராவுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். அங்கே அது பார்க்காது. ஒரு வாரத்தில் வாசகர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு மூலையில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மீதி இருபதடி ஹாலைக் கேமரா விழிப்போடு காவல் காத்தது. நடுப்பக்கம் தொடர்ந்து காணாமல் போனது.

அவருக்குப் பட்டப்பெயர் வந்ததும் என்னால்தான். ஊருக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. அட்மின் நான். அவரைச் சேர்த்தேன், ஒரே நிமிடத்தில் வெளியேறினார். கைதவறிவிட்டது போலிருக்கிறது என்று மறுபடி சேர்த்தேன். மறுபடி வெளியேறினார். மூன்றாம் முறை சேர்த்ததும் நேரே என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க லைப்ரரிக்காரரே, உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு என்னிய எப்படிக் கூப்பிடுவீங்க?"

வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பேன் என்றேன்.

"ஒறம்பறை, சொந்தக்காரங்க ஊடுன்னாலும் வாசல்ல வந்து நின்னு வெத்தலபாக்கு வெச்சுத்தான கூப்பிடறோம்? கழுத்தப் புடிச்சுத் தூக்கிட்டுப் போயிப் பந்தீல உக்கார வெக்கறது இல்லீங்களே. கேக்காம எதுக்குங்க என்னியத் தூக்கி உள்ள போட்டீங்க?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போய், எங்கள் குரூப்புக்கு வர வேண்டும் என்று அழைத்தேன். வாங்கிக்கொண்டார். அன்று மாலை சேர்த்தேன், இருந்தார். செய்தி பரவி, அவரைக் குரூப்பில் சேர்க்க நினைத்த பால் சொசைட்டிக்காரர், கோயில் கமிட்டிக்காரர் எல்லாரும் வெற்றிலையோடு வரிசையில் போக வேண்டியதாயிற்று. அன்றுமுதல் ஊருக்கே அவர் பர்மிஷன் அண்ணன்.

இனிதான் என் வயிற்றெரிச்சல்.

நான் வேலையில் சேர்ந்த நாள்முதல் ஊர்க்குறிப்பு எழுதிவருகிறேன். யார் எப்போது பிறந்தார், யார் எப்போது போனார், முதல் பஸ் எந்த நாள் வந்தது, எந்தக் காட்டில் போர் போட்டபோது எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று பதினொரு நோட்டு. மருத்துவச்சியைக் கேட்டு, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, சுடுகாட்டுக் கல்லைத் தடவிப் பார்த்துச் சரிசெய்தவை. பஞ்சாயத்துக் கணக்கில் தவறு இருக்கலாம், என் நோட்டில் இருக்காது. அதை முழுதாக இணையத்தில் ஏற்ற என் தங்கை மகன் கோயமுத்தூரில் தளம் தயார் செய்துவிட்டான். ஆவணி மூன்றாம் வெள்ளி திறப்புவிழா. ஒத்திகையாக நான் தினமும் காலையில் குரூப்பில் 'ஊரில் இன்று' என்று ஒரு குறிப்புப் போட்டேன். எல்லாரும் ரசித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கும் தெய்வானைக்கு இன்று பிறந்தநாள் என்று, வயதோடு போட்டேன். (பெயர் அதுவல்ல. இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன், பெயரை மாற்றி எழுதச் சொன்னார்.) பத்து மணிக்குள் குரூப் முழுக்கக் கேக்கும் பலூனும். ஒருவர் ஆடும் கரடி அனுப்பினார்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குப் பர்மிஷன் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தெய்வான நேத்து மிக்சி காயில் மாத்த வந்துதுங்க. கடையில உக்காந்து அழுதுது. என்ன சங்கதின்னு கேட்டேன். உங்குளுக்குச் சொல்லட்டுமான்னு அதுகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்திருக்கறேன்."

அதிலும் பர்மிஷன். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்ன விஷயம் இதுதான்: தெய்வானையைப் பெற்ற அன்றே அவருடைய அம்மா இறந்துவிட்டார். அந்த வீட்டில் அந்த நாள் பிறந்தநாள் அல்ல. புதுச்சேலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். தெய்வானை அப்படிக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் கரடி வந்து ஆடியிருக்கிறது.

நான் ஓடிப்போய் நோட்டுகளைப் புரட்டினேன். இறப்பு நோட்டில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. அதே நாள், அதே வருடம். என் கையெழுத்துதான். பிறப்புக்கு ஒரு நோட்டு, இறப்புக்கு ஒரு நோட்டு என்று நான்தான் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

செய்தியை அழித்தேன். இணையத்திலும் அந்தத் தேதி வரக் கூடாது என்று தெய்வானை கேட்டதாகப் பர்மிஷன் அண்ணன் சொன்னார். அங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு தேதியை எடுத்தால் நாளைக்கு இன்னொருவர் வருவார், பிறகு நோட்டில் அட்டை மட்டும் மிஞ்சும். தேதி சரியானது, மருத்துவச்சியே சொன்னது என்றேன்.

"தேதி சரிதானுங்க. நான் இல்லீன்னு சொல்லுல. அது உங்குளுதுங்களா?"

ஊரில் நடந்ததெல்லாம் ஊருக்குச் சொந்தம் என்றேன்.

"அப்ப ஊரக் கேளுங்க."

தனிநபர் தகவல் பற்றிய சட்டத்தை நான் படித்திருக்கிறேன், என் மாதிரி ஆட்களுக்கு அதில் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"சட்டத்துல எடமிருக்குதான்னு நான் கேக்குலீங்க. அதுகிட்டக் கேட்டீங்களான்னுதான் கேட்டேன். நோட்டுல இருந்தா நீங்க ஒருத்தர் பாப்பீங்க. நெட்டுல ஏத்தீட்டா, அந்த மூணாமத்தவன்லாம் பாப்பான். அப்பறம் ஆரு போயி அழிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை வாயனசாலைக் கமிட்டி கூடியது. அவர் மெம்பர் அல்ல. பேசலாமா என்று முறைப்படி அனுமதி கேட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார். அதில் கேமராவுக்கு மட்டும் பதினைந்து நிமிடம். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனதும் தலைவர் எதற்கும் தயாராகிவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் வெற்றிலை பாக்கோடு போய்ச் சம்மதபத்ரம் வாங்க வேண்டும், வாங்கியதை மட்டும் ஏற்றலாம் என்று தீர்மானம். ஆவணி மூன்றாம் வெள்ளி போயிற்று.

சம்மதபத்ரத்தை எழுதியது பர்மிஷன் அண்ணன். நான்கு பக்கம். கொடுத்த சம்மதத்தை எந்த நாளிலும் திரும்ப வாங்கலாம், ஆள் இறந்துவிட்டால் வாரிசு வாங்கலாம், வாரிசுகளுக்குள் சண்டை வந்தால் சண்டை முடியும்வரை தேதியை எடுத்து வைக்கலாம் என்றெல்லாம் பதினெட்டு நிபந்தனை. இதை நான் வாசலில் நின்று வாசித்துக் காட்ட வேண்டும், படிக்காமல் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்பது பத்தொன்பதாவது.

மூன்று மாதம் நடந்தேன். ஒருவர் தன் தேதியைப் போடலாம், மனைவியின் தேதியைப் போடக் கூடாது என்றார். மனைவி உள்ளிருந்து, "எம்பட தேதியப் போடுங்க, அவருதப் போடாதீங்க" என்றார். ஒருவர் தன் வீட்டு விவரம் எதற்கும் சம்மதிக்கவில்லை, பக்கத்து வீட்டு விவரம் எதுவானாலும் சம்மதம் என்றார். அப்பா கள்ளுக்கடை வாசலில் இறந்தார் என்பதை 'வெளியூரில்' என்று மாற்றினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் இன்னொருவர். நாலாவது நிபந்தனையிலேயே தூங்கிப்போனவர்கள் இரண்டு பேர். வீட்டுக்கு வீடு காப்பி குடித்து எனக்கு வயிறு கெட்டது. ராத்திரி படுத்தால் பத்தொன்பது நிபந்தனையும் மனப்பாடமாக வந்தது.

தெய்வானையிடம் பள்ளிக்கூடச் சமையலறையில் போய் நின்றேன். சாம்பாரை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாங்கினார். மன்னிப்புக் கேட்க நான் வழியிலேயே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அது வரவில்லை. நிபந்தனைகளைப் பத்தொன்பது வரைக்கும் வாசித்தேன். நின்றபடியே கேட்டார்.

"என்னோடத எடுத்துருங்கண்ணா," என்றார். "எங்கம்மாளத மட்டும் போடுங்க. பேரு எழுதி வெச்ச ஒரே எடம் உங்க நோட்டுதானுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை நான் மற்றத் தாள்களோடு சேர்க்கவில்லை, இறப்பு நோட்டில் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

தளம் தைமாதம் திறந்தது. பதினொரு நோட்டில் ஏறியது நான்கு நோட்டு அளவுக்குத்தான். தங்கை மகன், பக்கங்கள் காலியாக இருக்கின்றன மாமா என்றான். இருக்கட்டும் என்றேன்.

பர்மிஷன் அண்ணன் வீடுதான் நான் கடைசியாகப் போனது. தான் எழுதிய நான்கு பக்கத்தையே நாற்பது நிமிடம் படித்தார். ஏழாவது நிபந்தனையில் ஓட்டை இருக்கிறதென்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதனால் எங்கள் ஊர் வரலாற்றில் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவர் கடைக்குத்தான் கொண்டுபோனேன். ஒரு மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டுப் படித்தார். பெயர் வேண்டாம், பர்மிஷன் என்றே இருக்கட்டும் என்றார். பொள்ளாச்சிக் கதையில் பூஜ்யம் பத்துதானா என்று எண்ணிப் பார்த்தார். தன்னைத் திட்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே போனார். பிறகு பேனா கேட்டு, மூன்று இடத்தில் மட்டும் நாலைந்து வரிகளை அழுத்தி அடித்து, "இதுக்குச் சம்மதமில்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்றும் நான் அவரைப் புகழ்ந்து எழுதியிருந்த இடங்கள். எடுத்துவிட்டேன்.