மரியாதைக்கு ஒரு "வாங்கோவன்"

சிறி "பாப்பம்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹெலன்ஸ்பர்க் கோயில் கன்ரீனில் புளியோதரைக்கு வரிசையில் நின்றபோது விக்னராஜா அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "வாற மாதம் நானும் பத்மாவும் குரூஸ் கப்பலில போறம். ஒன்பது நாள். நீங்களும் வாங்கோவன்."

இந்த "வாங்கோவன்" எப்பேர்ப்பட்டது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். கேட்பவர், பார்க்கலாம் என்ற பொருளில், "பாப்பம்" என்பார். இருவரும் அந்த இடத்திலேயே அதை மறந்துவிடுவார்கள்.

சிறியோ, "ஓம் அண்ணை, வாறம்" என்றான். குடும்பமாக நாலு பேர்.

விக்னராஜாவுக்குப் புளியோதரை இறங்கவில்லை. அவர் ரயில் ஓட்டுபவர். மனைவி பத்மா ஆஸ்பத்திரியில் தாதி. முப்பது வருடமாக அவர் வேலையால் வரும்போது அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். இந்த முப்பதாவது கல்யாண நாளுக்காவது அவளோடு ஆற அமர இருந்து கதைக்க வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. "நாங்கள் ரெண்டு பேர் மட்டும். வேற ஒரு சனமும் இல்லை" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்ட பத்மா "ம்" என்றுவிட்டு உடுப்பு மடிப்பதைத் தொடர்ந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளே சிறிக்குப் போன் எடுத்தார். "தம்பி, பசிபிக் கடல் பொல்லாதது. பிள்ளையள் சத்தி எடுத்தே களைச்சுப் போகும்."

"நானும் அதைத்தான் யோசிச்சனான் அண்ணை. ஜெகதீஷிட்டச் சொல்லியிருக்கிறன்."

ஜெகதீஷ் வெஸ்ட்மீடில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அன்று பின்னேரமே ஒரு பை நிறையக் குளிசையோடு வந்துவிட்டார். "இதைப் போட்டால் கடல் எங்க கிடக்குது எண்டே தெரியாது. ஆனா ஆர் எத்தினை போடுறது எண்டு பாக்க ஒரு ஆள் வேணுமே. நாங்கள் அஞ்சு பேரும் வாறம்."

விக்னராஜா சாப்பாட்டைச் சொல்லிப் பயங்காட்டிப் பார்த்தார். "கப்பலில முழுக்க மாடும் இறாலும்தானாம். சோத்தைக் கண்ணாலயும் காணேலாதாம்."

ஜெகதீஷ் கவலைப்பட்டு, இதைத் தன் பக்கத்து வீட்டு நரசிம்மனிடம் சொன்னார். நரசிம்மன் சென்னைக்காரர், முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாதவர். மூன்றாம் நாள் அவரே விக்னராஜாவை அழைத்தார்.

"கவலையே படாதீங்க சார். கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டேன். சாதம், சாம்பார், ரசம் எல்லாம் பண்றாங்களாம். ஆனா பதினஞ்சு பேராவது இருக்கணுமாம். அதான் நாங்க நாலு பேரும் வர்றோம். என் மச்சினர் வீட்லயும் நாலு பேர்."

மொத்தம் பத்தொன்பது பேர். இனிப் பத்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. "அவவுக்கு இது சர்ப்ரைஸ். ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

சர்ப்ரைஸ் என்றதும் சனத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ரீசேர்ட் அடித்தார்கள். ஹரிஸ் பார்க்கில் லட்டுக்குச் சொல்லிவைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் விக்னராஜாவின் போன் ஓயாமல் அதிர்ந்தது.

"ஆரது?" என்றாள் பத்மா.

"கோயில் திருவிழாக் கொமிற்றி."

"ம்" என்றவள் பெட்டி அடுக்கப் போய்விட்டாள். ஆறு சேலைக்கு மேல் ஒரு சீட்டுக்கட்டையும் வைத்தாள்.

"சீட்டென்னத்துக்கு? முந்நூற்றி நாலு விளையாட நாலு பேர் வேணுமேயப்பா."

"கிடக்கட்டும்" என்றாள். ஒன்றும் தெரியாத அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று விக்னராஜா தன்னையே நொந்துகொண்டார்.

புறப்படும் நாள் துறைமுகத்தில் பதினேழு மஞ்சள் ரீசேர்ட்கள் நின்றன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அச்சடித்த படத்தில் விக்னராஜாவும் பத்மாவும் கல்யாண மாலையோடு விறைத்துப்போய் நின்றார்கள்.

"பத்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார் அவர். "ரெண்டு பேர் எண்டுதான் வெளிக்கிட்டனான். எப்பிடியோ இப்பிடியாப் போச்சுது."

"பரவாயில்லையப்பா" என்றாள் பத்மா. கோபத்தின் சாயல்கூட இல்லை. "உங்களுக்குப் பெரிய மனசு."

விக்னராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபோது, மேல்தட்டில் பத்மா நரசிம்மனின் மனைவி விஜயாவுக்கு முந்நூற்றி நாலு பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சிரிப்பு தூரத்துக்குக் கேட்டது. தங்கள் இருவருக்கும் என்று விக்னராஜா பிடித்து வைத்திருந்த கதிரையில் சிறி வந்து இருந்தான்.

"உண்மையைச் சொல்லும் சிறி. அண்டைக்கு 'பாப்பம்' எண்டு சொல்ல உமக்கு என்ன வந்தது?"

சிறி சீட்டு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் அப்பிடித்தான் அண்ணை சொல்லியிருப்பன். ஆனா நீங்கள் கேக்கிறதுக்கு முதல் நாளே பத்மா அக்கா போன் எடுத்து, 'அவர் மரியாதைக்கு ஒருக்காக் கூப்பிடுவார் தம்பி, உடன ஓம் எண்டு பிடிச்சுக்கொள்ளும், ஒன்பது நாள் நடுக்கடலில இந்த மனுசனோட தனிய இருந்து நான் என்னத்தைக் கதைக்கிறது' எண்டு அழாக்குறையாக் கேட்டவ."